முப்பது மாலை விளக்கு

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் ஊர்ச் செய்தி.

நம் தீவில் இப்போது கால் வைக்க இடமில்லை. வலை காயவைத்த மேட்டிலும் வீடு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் காலையில் பாதி, மதியம் பாதி. எதிர்வீட்டுத் தையற்காரர் மிஷினை மிதித்தால் நம் சுவர்க் கண்ணாடி ஆடுகிறது. அவர் வீட்டில் ஒரே அறையில் ஒன்பது பேர். அடுத்துக் காலியாகும் வீடு அவர்களுக்குத்தான்.

அந்தச் சட்டம் வந்தபோது உனக்கு ஐந்து வயது. வெள்ளத்தில் கரையோரத் தெரு போய்விட்டது. வெளியூர் போனவர்களின் வீடுகள் பூட்டிக் கிடக்க, வீடிழந்தவர்கள் படகில் படுத்தார்கள். ஊர்க்கூட்டத்தில் அப்பா எழுந்து, "ஊரு பூட்டுக்கா, மனுசனுக்கா?" என்று கேட்டார். அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் சன்னல் விளக்கை அந்த வீட்டு ஆள்தான் ஏற்ற வேண்டும். ஒரு வருடத்தில் முப்பது மாலை இருண்டால் வீடு, இடமில்லாதவர்கள் வரிசையில் முதலாவது குடும்பத்துக்குப் போய்விடும். நல்ல சட்டம்தான். பெற்ற மகளையே அது கட்டிப்போடும் என்று அப்பா நினைத்திருக்க மாட்டார்.

போன மாதம் டீக்கடைக்காரர் தானாக எரியும் பல்பை மாட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். கரண்ட் போய் வந்ததில் நேரம் தப்பி, அது பட்டப்பகலில் எரிந்தது. இருண்ட சன்னல்களைக் கணக்கெடுக்கும் நோட்டோடு வந்த விளக்குக்காரர் உட்பட தெருவே கூடிச் சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

"ரெண்டே வருஷம்க்கா, வீட்டப் பாத்துக்கோ" என்று சொல்லிப் படகேறினாய். பதினாறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் சித்தி சாவுக்கு இரண்டு மாலை வெளியே தங்கினேன், அவ்வளவுதான். அம்மா போன பிறகு இந்தச் சன்னலை விட்டால் எனக்கு உலகமில்லை என்று ஆகிவிட்டது.

என் மார்பில் இருப்பது சாதாரணக் கட்டி இல்லை என்று உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். அக்கரையில் நாற்பத்தைந்து நாள் தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும், ஒரு இருபது நாள் மட்டும் நீ வந்து விளக்கேற்று என்று கேட்டேன். முதலில் லீவு இல்லை என்றாய். பிறகு பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றாய். மூன்றாவதில், "பொறுத்துக்கொள் அக்கா, வீட்டை மட்டும் விட்டுவிடாதே" என்று எழுதினாய். அந்தக் கடிதத்தில் என் உடம்பைப் பற்றி எங்கேயாவது ஒரு வரி இருக்கிறதா என்று திருப்பித் திருப்பித் தேடினேன். டாக்டரம்மா, "இன்னும் எத்தன நாள் தள்ளுவீங்க?" என்று கேட்டார். விளக்கு நேரமாகிறது என்று கிளம்பி வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் தையற்காரர் மனைவி சன்னல் வழியாகக் கையை நீட்டினாள். "சாவியக் குடுத்துட்டுப் போயிட்டு வாங்கக்கா. விளக்க நான் போடறேன். கேட்டா நீங்க உள்ள படுத்திருக்கீங்கன்னு சொல்லிடறேன்" என்றாள். நம் வீடு இருண்டால் அவளுக்குத்தான் ஆதாயம், தம்பி. அவள் எனக்காகப் பொய் சொல்ல வருகிறாள். எனக்கு உன் மேல் வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அப்பா போட்ட சட்டத்தில் என்னால் ஏமாற்ற முடியவில்லை. நேற்று விளக்குக்காரரிடம் போய் நம் வீட்டுப் பெயரை அடிக்கச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து மறுபடி மூடினார். "தம்பிகிட்டக் கேட்டீங்களாம்மா?" என்றார். மூன்று தடவை கேட்டேன் என்றேன்.

ஒன்பது பேரும் சாமானோடு வந்துவிட்டார்கள். நான் திரும்பி வந்தால் பின்னறை எனக்குத்தான் என்கிறாள் தையற்காரர் மனைவி. பத்தாவது ஆளாக இருப்பேன்.

வெள்ளிக்கிழமைப் படகில் போகிறேன். இந்தச் செய்தி உன்னைக் கொதிக்க வைக்கும் என்று தெரியும். வீட்டைப் பறிகொடுத்தவள் என்று திட்டுவதற்காவது நேரில் வா. அரசு ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி, பெண்கள் வார்டு. பார்வை நேரம் ஐந்திலிருந்து ஏழு. இத்தனை வருடமும் நான் சன்னலில் நின்ற அதே நேரம்தான். பழக்கதோஷம், அங்கேயும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா