எங்கள் பேக்கரிப் புகைக்குழாய்க்கு நடந்த அறுவை சிகிச்சை

நவம்பர் 11, செவ்வாய்

மழை. வெறும் மழை என்று எழுதினால் அது கோபித்துக்கொள்ளும். செம்பரம்பாக்கம் ஏரி எழுந்து நடந்து வந்து எங்கள் சேரப்பணஞ்சேரி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இன்றைய வேலைகள்:
ஈஸ்ட், டால்டா சொல்ல.
ஒரகடம் டீக்கடைக்கு இன்னும் ஐம்பது பன்.
புகைக்குழாய். என்ன கோளாறு என்று பார்க்க.

மூன்றாவது வேலைதான் நாளைத் தின்றது. விறகு அடுப்பில் கிளம்பி, பின்சுவரைத் துளைத்து வெளியே வந்து, மாடி ரூம் வென்டிலேட்டரை உரசிக்கொண்டு மொட்டைமாடிக்கு மேல் தலை நீட்டும் பதினாறு அடிக் குழாய். ஆறு துண்டு. என் சொந்தக் கையால் மாட்டியது. ஆயுத பூஜை என்றால் சுற்றிலும் உள்ள கம்பெனிகளில் லேத்துக்கும் லாரிக்கும் பொட்டு, மாலை. நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், பொட்டு கிடையாது. அதற்காக என் குழாய் மட்டும் அனாதையாக நிற்பதா? வருஷா வருஷம் அன்றைக்கு ஒரு கோட் சில்வர் பெயிண்ட். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் அதைப் பார்த்துத்தான் வளைவு எடுக்கின்றன என்பது என் நம்பிக்கை.

இன்று பார்த்தால் மூன்றாவது ஜாயின்டில் பழுப்பாக ஒழுகல். வெற்றிலை எச்சில் மாதிரி. பெயிண்ட் கொப்பளித்திருந்தது. அடுப்பு ஆறிக் கிடந்த நேரம். கட்டை விரலால் அமுக்கினேன். விரல் உள்ளே போய்விட்டது.

என் மனைவி அமலா: "விரல வெளிய எடுய்யா. அதையும் பெயிண்ட் அடிச்சி உள்ளயே வுட்டுடாத."

என் முடிவு: எம்-சீல் பூசி, மேலே ஒரு கோட் சில்வர். அமலாவின் முடிவு: ரெஜினாவைக் கூப்பிடுவது. வீட்டில் ஜனநாயகம். ஆளுக்கு ஒரு ஓட்டு. அமலா ஜெயித்தாள்.

மத்தியானம் மாடி ரூம் செல்வி டீக்கு இறங்கி வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இன்னும் இரண்டு தோழிகளோடு வாடகைக்கு இருக்கிறாள். மூவருக்கும் நைட் ஷிஃப்ட், பகலில் தூக்கம். முகம் பிழிந்த துணி மாதிரி.

"அண்ணாச்சி, தலை வெடிக்கி. எந்திரிச்சா கொமட்டுது. நைட் ஷிஃப்ட்டு என் ஒடம்புக்கு ஒத்துக்கிடல. சனிக்கிழமை ஊருக்கே போயிரலாம்னு இருக்கேன்."

"ரெண்டு ரஸ்க் சாப்பிடு, சரியாயிடும்" என்றேன். என் மருத்துவத்தில் எல்லா வியாதிக்கும் ரஸ்க்தான்.

நவம்பர் 12, புதன்

தூறல். ரெஜினா வந்தாள். அமலாவின் தங்கை. ஒரகடத்தில் ஏசி டக்ட், அதாவது குளிர்காற்றுக் குழாய், செய்யும் பட்டறையில் தகடு மடிப்பவள். முதல் ஷிஃப்ட் முடித்து, யூனிஃபார்மோடு, ஸ்கூட்டியில். என்னை வம்புக்கு இழுக்கும் உரிமையைக் கொழுந்தியா என்ற முறையில் கல்யாணத்தன்றே வாங்கிக்கொண்டவள்.

ஏணி போட்டு ஏறினாள். ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் கீழிருந்து தட்டிக்கொண்டே போனாள். ணங். ணங். மூன்றாவதில், தொப். நாலு, தொப். ஐந்தாவதில் ஸ்க்ரூடிரைவரே உள்ளே போய்விட்டது.

"மாமா, இது குழாயில்ல. பெயிண்ட்டு. நடுவுல கொஞ்சம் துரு கீது."

அடிவாரத்தில் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணால் பார்த்தால் வெள்ளிக் கோபுரம். ஒரு பெண் காதை வைத்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிட்டாளே!

"யாரு மாட்னது?"

"யாரென்று சரித்திரம் சொல்லும்."

"நீதான். மேல் துண்ட கீழ் துண்டு மேல தொப்பி மாதிரி கவுத்துக்கீற."

"கூரை ஓடு எப்படி? மேல் ஓடு கீழ் ஓட்டை மூடும். மழைத் தண்ணி உள்ளே போகாது. இது தமிழன் கண்டுபிடிச்ச விஞ்ஞானம்."

"தமிழன் ஓட்டுக்குள்ள நெருப்பு பத்த வெக்கல மாமா. மழை வெளிய பேயுது, சரி. இதுக்கு உள்ளயும் பேயுது."

விளக்கினாள். நான் எரிப்பது கார் கம்பெனிகள் கழித்துப் போடும், சரக்கு அடுக்குகிற பேலட் கட்டை. மழையில் ஊறியது. ஈரக் கட்டையின் ஆவி குழாயில் ஏற ஏற ஆறிப்போய், கறுப்புத் தாராக உள்ளே வேர்த்து, கீழே வழியும். புளித்த தண்ணீர், இரும்பைத் தின்னும். மேல் துண்டு கீழ் துண்டுக்குள் இறங்கி நின்றால் வழிவது உள்ளேயே போய் அடுப்பில் எரிந்து தீரும். என் விஞ்ஞானத்தில் ஒவ்வொரு ஜாயின்டிலும் அது வெளியே வந்து, பெயிண்டுக்கு அடியில் புகுந்து, யார் கண்ணிலும் படாமல் விருந்து சாப்பிட்டிருக்கிறது. வருஷா வருஷம் விருந்துக்குப் பந்தல் போட்டவன் நான்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவள் மூன்றாவது ஜாயின்டிலிருந்து தலையைத் திருப்பி வென்டிலேட்டரைப் பார்த்தாள். ஒரு முழம் தூரம். மோந்தாள்.

"இந்த ரூம்ல யாரு?"

சொன்னேன்.

"பகல்லயா தூங்குதுங்க? ஜன்னல சாத்திக்கினா?"

"லாரி சத்தம், மழை. சாத்தித்தான்."

"யாருக்காவது தலைவலி, வாந்தி?"

செல்வி நினைவுக்கு வந்தாள். ரெஜினா என் முகத்தைப் பார்த்தே படித்துவிட்டாள். இறங்கினாள்.

"அடுப்ப அணை."

"நாளைக்கு நானூறு பன்..."

"அணைன்னு சொன்னேன். புகைய மூக்கு கண்டுபுடிக்கும் மாமா. புகையோட வர்ற விஷத்துக்கு வாசனையே கெடையாது. ஆளத் தூக்கத்துலயே முடிச்சிடும்."

அணைத்தேன். இழுத்துப் போட்ட தணல் மழைத் தண்ணீரில் சீறியது. உடனே மாடிக்கு ஓடி, கதவைத் தட்டி, "பெயிண்ட் அடிக்கப் போறோம், நெடி வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்றேன். பொய். இதுவரை சொன்ன லட்சத்துச் சொச்சம் பொய்களில் சிரிக்காமல் சொன்னது இது ஒன்றுதான்.

இன்னொன்றும் இங்கே எழுதிவிடுகிறேன். போன மாதம் அந்தப் பெண்கள், "ரூமுல பொகை வாடை அடிக்கி அண்ணாச்சி" என்று சொன்னார்கள். "வேப்பங்கட்டை, சாம்பிராணி மாதிரி, கொசு வராது, அதற்குத் தனி வாடகை கேட்காமல் இருக்கிறேன்" என்றேன். எரிந்தது பேலட் கட்டை. மூவரும் சிரித்தார்கள். நானும்.

நவம்பர் 13, வியாழன்

வானம் வெளுப்பு. பன் இல்லை. ரஸ்க் இல்லை. ஒரகடம் முழுக்கப் பஞ்சம். டீக்கடைக்காரர் போனில், "இன்னா பாய், அடுப்புக்கு ஒடம்பு சரியில்லயா?" என் மதம் தெரிந்தும் இருபது வருஷமாக பாய்.

ரெஜினா லீவு போட்டுவிட்டாள். குழாய் ஆறு துண்டாகத் தரையில். ஒவ்வொன்றின் உள்ளேயும் டார்ச் வைத்துப் பார்த்தாள். மூன்றாவதின் பெயிண்டைச் சுரண்டியதும் ஓட்டை ஓட்டையாக வெளிச்சம். கார்த்திகை மாதத்து வானம். அழகு என்று சொல்ல வாய் எடுத்தேன். விழுங்கினேன்.

தீர்ப்பு:
1, 2, 6: பிழைக்கும். கம்பி பிரஷ், தார் சுரண்டல், சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்ட்.
3, 4, 5: செத்தாயிற்று. அடக்கம்.
சில்வர் பெயிண்ட்: ஆயுள் தடை.

ஒட்டுப் போடலாமே என்றேன். "தகடு கெட்டியா இருந்து ஒரு ஓட்டைன்னா ஒட்டு. இது அப்பளம். அப்பளத்துக்கு ஒட்டு போடுவியா?" துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு போடலாமே, பளபள என்று இருக்குமே என்றேன். "சூடு ஏறுனா அந்தப் பளபளப்பே விஷப் புகையாவும்." அதற்கு மேல் யோசனை சொல்வதை நிறுத்தினேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

புதிய மூன்றும் ஸ்டெயின்லெஸ் தகட்டில். பட்டறை ஓனரிடம் கேட்டு, உருட்டும் மிஷினில் போட்டு, சாயங்காலத்துக்குள் கொண்டுவந்துவிட்டாள். விளிம்பைக் குறடால் நெளித்துச் சுருக்கும் அழகைப் பார்க்க வேண்டுமே! என் அம்மா சோமாசி ஓரம் மடித்த வேகம். அமலா முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இன்னா, என் தங்கச்சிய அப்படிப் பாக்குற?"

"உங்கள் குடும்பத்தில் ஒருத்திக்காவது கை வேலை வருகிறதே என்று."

கரண்டி பறந்தது. தப்பினேன்.

பழைய துண்டுகளின் துருவை இரண்டு மணி நேரம் தேய்த்தது நான்தான். மூக்கு, காது, பல் எல்லாம் செம்மண் நிறம்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். குழாய் ஏறியது. இந்த முறை ஒவ்வொரு மேல் துண்டும் கீழ் துண்டுக்குள் இறங்கி. ஜாயின்ட் சுற்றி நெருப்பு தாங்கும் சிமெண்ட். மூன்று திசையில் மூன்று திருகு. வென்டிலேட்டர் பக்கம் ஜாயின்டே வராதபடி நீளத் துண்டு. யாரும் சொல்லாமல் அவளாக யோசித்தது. தாஜ்மகால் கட்டிய கொத்தனார்கள் எழுந்து வந்தால் இவளிடம் சித்தாள் வேலை கேட்பார்கள். இதில் மிகை இல்லை.

சின்னதாகத் தீ மூட்டி, ஊதுவத்தி கொளுத்தி, ஒவ்வொரு ஜாயின்டாகக் காட்டினாள். கசிந்தால் வத்திப் புகை தள்ளப்படுமாம். ஆறு இடத்திலும் நேராக நின்றது, போலீஸ்காரன் மாதிரி.

மிச்சம்: உச்சியில் மழைத் தொப்பி. அதை மாட்டாமல் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"மேல போய் சொன்னியா?"

"பெயிண்ட் நெடி என்று..."

"மாமா. குழாய் என் வேலை, முடிச்சிட்டேன். அந்தப் பொண்ணுங்ககிட்ட சொல்றது உன் வேலை. சொல்லிட்டு போன் பண்ணு, தொப்பிய மாட்றேன். அதுவரைக்கும் அடுப்பு எரியக் கூடாது."

"மழை வந்தால்?"

"நனையட்டும்."

ஸ்கூட்டி போய்விட்டது. அமலாவைப் பார்த்தேன். அவள் ஈஸ்ட் டப்பாவைப் பார்த்தாள். ஓட்டுப் பதிவு முடிந்தது.

நவம்பர் 15, சனி

கறுத்த வானம், மழை இன்னும் இல்லை. பத்து மணி. சவரம் செய்துகொண்டேன். சர்ச் சட்டை. பேச்சு தயார்: முன்னுரை, பேலட் கட்டையின் குணங்கள், கூரை ஓட்டின் வரலாறு, கடைசியில் வருத்தம். படி ஏறுகிறபோதே முன்னுரை மறந்துவிட்டது.

கதவு திறந்தே இருந்தது. செல்வியின் பை கட்டிவைத்த நிலையில், மேலே தலையணை கயிற்றால் இறுக்கி. தென்காசி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாயிற்றாம். மற்ற இருவரும் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்னது மொத்தம் நான்கு வரி. என் குழாய் ஓட்டை. அந்தப் புகை உங்கள் ரூமுக்குத்தான் வந்தது. தலைவலி அதனால். நாளைக்கு அமலா மூவரையும் டாக்டரிடம் கூட்டிப் போவாள்.

சமைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு எழுந்தாள். பேச்சி என்று பெயர். "சாம்பிராணின்னீங்கள்ல அண்ணாச்சி? நாங்களும் நம்பி இழுத்து இழுத்து மோந்தோமே! செத்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

தலை குனிந்து நின்றேன். இன்னொருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, திட்டை அடக்கியதா தெரியவில்லை.

செல்வி மட்டும் பை மேல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில்,

"புதன்கிழமைலேருந்து தலை வலிக்கல. ஊருக்குப் போற சந்தோசத்துலன்னு நெனச்சேன்."

பிறகு,

"அப்ப என் ஒடம்புல ஒண்ணுமில்லியா?"

டாக்டர் பார்க்கட்டும், ஆனால் நைட் ஷிஃப்ட்டால் வந்ததில்லை, உன்னால் வந்ததில்லை என்றேன். அவள் முகத்தை என்னவென்று எழுதுவது? உவமை ஒன்று வந்தது. வேண்டாம்.

போனை எடுத்தாள். அம்மாவுக்கு.

"எம்மா... வரல. இல்ல, பஸ்ஸு இருக்கு, நான்தான் வரல. எனக்கு ஒண்ணுமில்லியாம்மா. ஒடம்பு நல்லாத்தான் இருக்காம். பொகையாம். கீழ பன் கடைக் கொழாய். ஆமா, அவருதான் விட்டாரு. அவரேதான் இப்ப வந்து சொல்லுதாரு. இங்கதான் நிக்காரு."

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ. செல்வி என்னைப் பார்த்தாள். போனை நீட்டினாள்.

"அம்மை பேசணுமாம்."

வாங்கிக் காதில் வைத்தேன்.