விளிம்பு வரை

மாஸ்கோ
12 அக்டோபர் 2005

மதிப்பிற்குரிய ஸூராகான் அவர்களுக்கு,

என் அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் உங்களை வீட்டில் வைத்திருக்கிறேன். அது உங்களுக்கு மறந்துபோய்விட்டது என்று கேள்விப்பட்டேன். நினைவுபடுத்தவே இந்தக் கடிதம்.

பாத்மா அத்தை எழுதியிருந்தார். எதிர் வீட்டில் இருந்துகொண்டு தன் அண்ணனைத் தினமும் எட்டிப் பார்க்கிறவர் அவர். போன வாரம் அவர் வந்திருந்தபோது நீங்கள் என் அத்தாவின் கிண்ணத்தில் தேநீரை விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தீர்களாம். அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பாதிக் கிண்ணம் ஊற்றுவதுதான் மரியாதை, நிரப்பிக் கொடுத்தால் "குடித்துவிட்டுக் கிளம்பு" என்று அர்த்தம். நம் கராகோல் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். உங்களுக்குத் தெரியாதா? வேண்டாத விருந்தாளிக்கு ஊற்றுவதுபோல, அந்த வீட்டைக் கட்டியவருக்கே ஊற்றியிருக்கிறீர்கள். நாற்பது வருஷம் ஏரிக் கப்பல்களின் இன்ஜினோடு மல்லுக்கட்டிய தோரன்பெக்கைத் தன் வீட்டிலிருந்து யார் கிளப்பப் பார்க்கிறார்கள்?

என் அம்மாவின் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் போகிறீர்களாம். அது பெட்டிக்குள் இருக்க வேண்டிய கோட்டு.

இன்னொன்று. வாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன உடம்பு, ஒரே பக்கமாகப் படுக்கவிடாதீர்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். குதிகால் மெத்தையில் படக்கூடாது. கெண்டைக்காலுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்துத் தூக்கிவிடுங்கள். படுக்கைப் புண் முதலில் வெறும் சிவப்பாகத்தான் வரும். விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. அதைப் பார்த்த பிறகு விழித்துக்கொண்டு புண்ணியமில்லை.

ஒரு புகார் இனி என் காதுக்கு வரக்கூடாது.

கனிஷாய் தோரன்பெக் மகள்


கராகோல்
3 நவம்பர் 2005

கனிஷாய்க்கு,

பெரியவர் நலம். நானும் நலம், நீ கேட்கவில்லை என்றாலும்.

உன் அத்தை தினமும் எட்டிப் பார்ப்பது உண்மைதான். எட்டிப் பார்த்துவிட்டு, போகும்போது ஒரு பாட்டில் ஆப்ரிகாட் ஜாமும் எடுத்துக்கொண்டு போகிறார். அதை எழுதினாரா? ஒருநாளாவது அண்ணனுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டிருப்பாரா? அவர் உட்காருகிற நேரத்துக்கு எங்கள் வீட்டு நாற்காலி சூடுகூட ஆவதில்லை.

தேநீர் விஷயத்துக்கு வருகிறேன். நான் வந்த புதிதில் பாதிக் கிண்ணம்தான் ஊற்றினேன். எனக்கும் அம்மா இருந்தாள், எனக்கும் சொல்லிக்கொடுத்துத்தான் வளர்த்தாள். உன் அப்பா இரண்டு மடக்கில் குடித்துவிட்டுக் காலிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார். கேட்க மாட்டார். நான் கரி அள்ளப் போயிருப்பேன், துணி அலசிக்கொண்டிருப்பேன். திரும்பி வந்து பார்த்தால் அதே கையில் அதே காலிக் கிண்ணம் இருக்கும். ஒருநாள் அவருக்கே கோபம் வந்துவிட்டது.

"ஏய் ஸூரா, இதுல என்ன கண்ணீரா ஊத்தியிருக்க? ரொப்பு."

"ரொப்பினா போன்னு அர்த்தம் அத்தா."

"நான் எங்கடீ போறது? என் வீடு இது. கால் ஒண்ணு வர மாட்டேங்குது, கண்ணுல புரை, என்னப் போகச் சொல்லு பாப்போம், எப்படிப் போறேன்னு நானும் பாக்கறேன். ஊத்து."

ஊற்றினேன். கண் தெரியாததால் கிண்ணத்துக்குள் விரலை விட்டு, நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். பாலை ஊற்றி ஆற்றித்தான் கொடுக்கிறேன், சுடாது. பயப்படாதே.

பாதிக் கிண்ணம் ஏன் மரியாதை என்று யோசித்திருக்கிறாயா? மறுபடி மறுபடி ஊற்ற ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அதனால். அந்த ஒருத்தி நீ. நீ உட்காருகிற இடம் காலியாக இருக்கிறது. நான் ஒரு ஆள்தான் இருக்கிறேன், எனக்கு வேலையும் இருக்கிறது.

பச்சைக் கோட்டா? ஆமாம், போட்டேன். பெரியவர்தான் எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். பெட்டிக்குள் பூச்சிக்குத்தான் அது கோட்டாக இருந்தது. குளிர் முடிகிறவரை கழற்றமாட்டேன்.

ஸூரா


மாஸ்கோ
5 டிசம்பர் 2005

ஸூராகான்,

உன் வாய்க்கு அளவே கிடையாதா? நான் உட்காருகிற இடத்தைப் பற்றிப் பேச நீ யார்? கூலிக்கு வந்தவள் நீ. உறவு மாதிரி பேசாதே.

உனக்கு இந்தப் பதில்கூட எழுதியிருக்க மாட்டேன். ஒரு காரியம் இருப்பதால் எழுதுகிறேன். வீட்டை வாங்க ஆள் கிடைத்திருக்கிறது. மே மாதம் நான் வருகிறேன், பேசி முடித்துவிடுவேன். அத்தாவுக்கு பிஷ்கெக்கில் முதியோர் இல்லம் ஒன்று பார்த்திருக்கிறேன். சுத்தமான இடம், வெள்ளை விரிப்பு, மருத்துவர் இருக்கிறார். உன்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள்.

இது அவருக்கு இப்போது தெரியவேண்டாம். பிஷ்கெக்குக்குக் கண் புரை எடுக்கப் போகிறோம், வைத்தியம் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று மட்டும் சொல். ஏப்ரல் முடிவதற்குள் அவருடைய துணிமணிகளைக் கட்டி வை. அம்மாவின் கோட்டையும் சேர்த்து.

மகன் இல்லாத வீடு. மகன் இருந்தால் கடைசி மகன் அப்பாவோடு இருந்து வீட்டைக் காத்திருப்பான். மகள் என்ன செய்ய முடியும்? ஊரில் எவளாவது ஒருத்தி எனக்கு அந்தப் பதிலைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

கனிஷாய்


கராகோல்
28 டிசம்பர் 2005

கனிஷாய்க்கு,

மரியாதை போய் "நீ"க்கு வந்துவிட்டாய். நல்லது. எனக்கும் அதுதான் வசதி.

உனக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இந்த வீட்டுக்கு வருகிற கடிதங்களைப் பெரியவருக்கு வாசித்துக் காட்டுவது நான்தான். தபால்காரன் கதவைத் தட்டினாலே அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "மாஸ்கோவா? படி, படி." இது எனக்கு எழுதியது, உங்களுக்கில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "என் மக எழுதினதுன்னா எனக்குத்தான். படி" என்றார். நான் பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. ஆனால் நீ சொல்லச் சொன்ன பொய்யை என் வாயால் சொல்ல மனசு வரவில்லை. அதனால் படித்தேன், முழுக்க, வெள்ளை விரிப்பு வரைக்கும்.

பிறகு கேட்டார்.

"மே மாசம் வராளா?"

"அப்படித்தான் எழுதியிருக்கா."

"அப்ப ஆப்ரிகாட் பூத்து முடிஞ்சிருக்கும். பரவால்ல. ஒரு கிடா பாத்து வை. மக வரா, சும்மா இருக்கலாமா?"

அவ்வளவுதான் சொன்னார். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான்தான் திட்டினேன், என்னையும் அடக்கிவிட்டார். உனக்காக இந்த மனுஷர் என்னிடம் சண்டை போடுகிறார், எனக்கு எப்படி எரியும் சொல்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தையல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். கணக்கு எழுதுகிறவளுக்குக் கெண்டைக்காலுக்கு அடியில் துணி சுருட்டி வைக்க எங்கே சொல்லிக்கொடுத்தார்கள்? அழுத்தினால் வெளுக்காத சிவப்பை எந்தக் கணக்கில் பார்த்தாய்? அங்கே யாருடைய உடம்பைப் புரட்டிப் போடுகிறாய், கனிஷாய்? உன் முதல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. இதைப் பெரியவரிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை நான் படிக்கக் கேட்டபோதே அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கூலிக்காரி என்று இனி என்னை எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுது.

ஸூரா


மாஸ்கோ
26 மே 2006

ஸூராகான்,

ஊரிலிருந்து திரும்பி வந்து சேர்ந்துவிட்டேன். இது உனக்கு என் கடைசிக் கடிதம். நன்றாகப் படித்துக்கொள்.

அன்றைக்கு உன்னை அடுப்படியில் இரு என்றேன். நீ கதவிடுக்கில் நின்று பார்த்திருப்பாய், எனக்குத் தெரியும். பார்த்தவரைக்கும் சந்தோஷப்பட்டிருப்பாய். ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தது நான். ஒரு பக்கம் அத்தை, எதிரில் வீடு பார்க்க வந்த மனிதர், மேஜையின் தலைப்பக்கம் அத்தா. கறி சாப்பிட்டாயிற்று. நானே தேநீர் ஊற்றினேன், எல்லோருக்கும் பாதிக் கிண்ணம், முறையாக. அத்தா குடித்தார், திரும்ப ஊற்றினேன், குடித்தார், திரும்ப ஊற்றினேன். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ எழுதினாயே, காலியாக இருக்கிற இடம் என்று, அந்த இடத்தில். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த மனிதர் சுவரையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

அப்போது அத்தா, "கெட்டிலை இப்படித் தள்ளு" என்றார். "நான் ஊத்தறேன் அத்தா" என்றேன். "தள்ளுடீ" என்றார். இடது கையால் தூக்கி, தடவி என் கிண்ணத்தைத் தேடி, ஊற்றினார். பாதி வந்தது. "போதும் அத்தா" என்றேன். நிறுத்தவில்லை. விளிம்பு வரை வந்தது. மேஜைத் துணியிலும் கொட்டியது. கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை! ஆனால் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, என் கிண்ணத்துக்குள் விரலை விட்டு, நிறைந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"குடிம்மா" என்றார்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். வீடு பார்க்க வந்தவரும் நம் ஆள்தானே, அவருக்குச் சொல்லவா வேண்டும்? தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் அந்தத் தேநீரைத் தொடவில்லை. பையை எடுத்துக்கொண்டு பிஷ்கெக் வேனைப் பிடித்துவிட்டேன். என் வீட்டில், என் அப்பா கையால், என்னைப் போகச் சொல்லியாயிற்று.

இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நீ. வேறு யாரும் இல்லை.

நீ கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், பிறகு பேச்சில்லை. ஆமாம். இரினா பாவ்லோவ்னா என்று ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறேன். உன் வேலைதான். அவள் வீட்டு அடுப்படியில் மடக்குக் கட்டில் போட்டுப் படுக்கிறேன். அவள் பிள்ளைகள் வந்தால் அந்தக் கட்டிலையும் மடக்கிவிட்டு நின்றுகொண்டிருப்பேன். உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு வேண்டும் என்று நினைத்தேன். வீட்டை விற்க நினைத்தது அதற்குத்தான். இப்போது அதுவும் இல்லை. வீடு அங்கேயே நிற்கட்டும். நீ ஜெயித்துவிட்டாய்.

உன் சம்பளம் வழக்கம்போல வரும். எனக்கு எழுதாதே.

கனிஷாய்


கராகோல்
20 ஜூன் 2006

கனிஷாய்க்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். வேண்டுமானால் கிழித்துப் போடு.

நான் சொல்லிக்கொடுத்தேன் என்கிறாய். நான் சொல்லி உன் அப்பா கேட்பார் என்றால் முதலில் மூக்குப்பொடியை விடச் சொல்லியிருப்பேன். நான் சொல்லவில்லை. கதவிடுக்கில் நின்று பார்த்தேன், அது நிஜம். சந்தோஷப்பட்டேன், அதுவும் நிஜம். உன் முகம் வெளுத்ததைப் பார்த்து, வேணும் உனக்கு என்றுதான் நினைத்தேன். எத்தனை மாதமாக அந்தச் சந்தோஷத்துக்குக் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. ஆனால் நீ போன பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ வாசலைத் தாண்டியதும் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"குடிச்சாளா?"

"இல்ல அத்தா. அப்படியே வெச்சிட்டுப் போயிட்டா."

"ஒரு வாய்கூடவா?"

"இல்ல."

மேஜையைத் தடவி உன் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தார். நிறைந்தபடியே இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது, எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"எடுக்காத, ஸூரா. இருக்கட்டும். குடிச்சாத்தான் கிளம்பினதா அர்த்தம். குடிக்கலன்னா இன்னும் கிளம்பல. வந்து குடிப்பா."

எனக்குத் தாங்கவில்லை. விற்க வந்தவள் நீ. மாதங்களாக அவரைக் குளிப்பாட்டித் துடைத்துப் புரட்டிப் படுக்க வைக்கிறவள் நான். அவர் காவல் காப்பது உன் ஆறிப்போன தேநீரை! அவர் கண்ணயர்ந்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய் ஆப்ரிகாட் மரத்தடியில் கவிழ்த்துவிட்டேன். கழுவித் துடைத்து மற்றக் கிண்ணங்களோடு அடுக்கிவிட்டேன். ஈ மொய்த்தது, ஏடு படிந்தது என்றெல்லாம் உனக்குக் காரணம் சொல்லமாட்டேன். உன் மேல் இருந்த கோபத்தில் செய்தேன்.

எழுந்ததும் முதல் கேள்வி, "கிண்ணம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். தொட்டுப் பார்க்கப் போகிறார் என்று பயந்து, மேல்தட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். இப்போது தினமும் விடிந்ததும் கேட்கிறார், தினமும் சொல்கிறேன். நீ சொல்லச் சொன்ன பொய்யை அன்றைக்குச் சொல்ல மாட்டேன் என்று நிமிர்ந்து நின்றவள் நான். இன்றைக்கு அதைவிடப் பெரிய பொய்யைக் காலை தேநீரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. எனக்கு உன்னைப் பிடிக்காது, இனிமேலும் பிடிக்கப் போவதில்லை. அவருக்குத் தெரியாது, உனக்காவது தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீ குடிக்காமல் போன தேநீர் இந்த வீட்டில் இல்லை. அவர் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வருவதாக இருந்தால் அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வா. அவர் கேட்டால், குடித்துவிட்டேன் அத்தா என்று சொல்லிவிடாதே. கிளம்பிவிட்டாய் என்று ஆகிவிடும்.

உன் அம்மாவின் கோட்டைத் துவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஸூரா