அளவெடுத்துப் பூட்டிய துவக்கு

அஜக்ஸ், கனடா, வைகாசி 12

அன்புள்ள தங்களுக்கு,

நான் நலம். தாங்கள் மாத்திரையை உணவுக்குப் பின்னரே எடுப்பதாக நம்புகிறேன்.

நம் மகள் சுபாங்கி பறக்கும் மண்தட்டுகளைச் சுடும் கழகத்தில் சேர்ந்ததை அறிவீர்கள். அவளுடைய துவக்கு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். எவ்வாறென்று ஒரு பிற்பகல் முழுவதும் ஆராய்ந்தேன். சுடும்போதெல்லாம் அவள் தோள் கன்றியது. அதிர்ச்சியைத் தாங்கவென்று மிகத் தடித்த இறப்பர் மெத்தையை வாங்கி, தோளில் அணைக்கும் பின்கட்டையில் பூட்டினாள். கன்றல் கூடியது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியிலிருந்து விலகவும் எண்ணினாள்.

சட்டைக்கு அளப்பதுபோல் அவள் கையை அளந்தேன். தடித்த மெத்தையோடு கட்டை அவளுக்கு ஓர் அங்குலம் நீளம் அதிகம். தோள்குழியில் பொருந்தாமல் புயத்தில் இடித்திருக்கிறது.

“பெருசா வாங்கினா நல்லதெண்டு நினைச்சன், அம்மா.”

“உது பள்ளிக்கூடச் சப்பாத்தில்லை, பிள்ளை. நீ இனி வளரமாட்டாய்.”

பெரிதாய் வாங்கும் அந்தப் பழக்கம் தாங்கள் பழக்கியது.

மெல்லிய மெத்தையைத் தெரிந்தெடுத்துப் பூட்டினோம். போட்டியில் இருபத்தைந்து தட்டுகளில் பத்தொன்பதை உடைத்தாள். மறுநாள் அவள் பக்கத்தில் நிற்க, நானும் அதே துவக்கால் ஒரு வெடி வைத்துப் பார்த்தேன். கட்டை எனக்கு அளந்ததன்று.

கன்றலுக்குப் பூசப் பிண்டத் தைலம் இரண்டு போத்தல் அனுப்புங்கள். முகவரியைத் தங்கள் கையாலேயே எழுதுங்கள். பேர்த்தி விழித்துவிட்டாள், நிறுத்துகிறேன்.

தவமணி

சுபாங்கிக்கு ஒரு போத்தல் போதும்.