இரண்டு வாசல் வைத்த கோட்டை

உன் கம்ப்யூட்டர் இப்போது என் வீட்டில் இருக்கிறது. டிசைன் ரூமைக் காலி செய்த உன் தம்பி, "எடத்த அடைச்சிகினு கீதுண்ணா, நீயே வெச்சிக்க" என்று காலையில் ஆட்டோவிலிருந்து இறக்கிவிட்டுப் போனான். சுவிட்சைப் போட்டேன். புடவை டிசைன்களுக்கு நடுவில் நம் விளையாட்டு. அது தானாகப் பதிவு செய்துவைத்த பழைய ஆட்டங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் நீ தோற்றவை.

செத்துப்போனதற்காகப் புகழ மாட்டேன். உன்னைப் போல் மட்டமான ஆட்டக்காரனை நான் பார்த்ததில்லை. ஏதோ ஒரு சிவந்த கிரகம். நீலக் கல்லைத் தோண்டி, தொழிற்சாலை கட்டி, இயந்திரப் படை திரட்டி எதிரியின் தளத்தை அழிக்க வேண்டும். நாம் கட்டும்போதே எதிரியும் கட்டிக்கொண்டிருப்பான். அவசரம்தான் அந்த விளையாட்டே. நீயோ ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிறவன்; அங்கேயும் போய் பார்டர் போட்டாய். மின்நிலையங்கள் ஒரே வரியில். நடுவில் புடவைப் புட்டா மாதிரி பீரங்கிக் கோபுரங்கள். இடது பக்கம் ஒரு வாசல் வைத்தால் வலது பக்கமும் ஒன்று. "ஒரு பக்கம் மட்டும் உட்டா பாக்க நல்லாவா கீது?" என்பாய். அந்த இரண்டாவது வாசலைக் காக்க உன்னிடம் ஆள் இருக்காது. ஞாயிறுதோறும் என் லேப்டாப்போடு உன் பக்கத்தில் உட்கார்ந்து, தின்ற பிரியாணி செரிப்பதற்குள், அதன் வழியாகவே வந்து உன்னைத் துடைத்துப் போட்டேன்.

அந்த வாசலில் நுழையும்போதெல்லாம் கேட்பேன்: "த்தூ, இது கோட்டையாடா, முந்தானையாடா?"

"முந்தானதான். கண்ணு இருக்கறவனுக்குத் தெரியும். உனக்கு எங்க கீது கண்ணு?"

பதினோரு வருடம். ஒருமுறையாவது அந்த வாசலை அடைத்தாயா, எருமை? உன் ஆட்டத்தின் மேல் எனக்கு மரியாதையே இருந்ததில்லை. உனக்கும் அப்படித்தான். என் தளத்தைப் பார்த்து, "கொட்டி வெச்ச குப்ப" என்பாய்.

நாம் விளையாடிய கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள் உன் வீட்டுக்காரம்மா போன் செய்தார். "வேலூர் டாக்டர் ரெண்டு மாசம்னு சொல்லிட்டாருண்ணா. அவருக்குத் தெரியாது. வாய் தவறிக்கூட சொல்லிடாதீங்க." சத்தியம் செய்துகொடுத்தேன்.

மறுநாள் உன் கைக்கு மவுஸே பெரிதாக இருந்தது. என் படை உன் இரண்டாவது வாசலுக்கு வெளியே வந்து நின்றது. வழக்கம்போல் திறந்து கிடந்தது. எனக்கு மனசு வரவில்லை. படையை நிறுத்திவிட்டு, உன் முகத்தைப் பார்க்காமல், "நல்லா கட்டிகீறடா" என்றேன்.

நீ மவுஸிலிருந்து கையை எடுத்தாய்.

"எவ்ளோ நாளாம்?"

பதினோரு வருடத்தில் உன்னைப் பற்றி நான் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. ஒழுங்காக ஒரு பொய் சொல்லத் துப்பில்லாதவன் நான். தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நீ ஆட்டத்தை விட்டு வெளியேறினாய். எனக்கு வெற்றி என்று திரை சொன்னது. அதற்குப் பிறகு நீ என்னை விளையாடக் கூப்பிடவே இல்லை. ஏழாவது வாரம் போய்விட்டாய்.

இன்று அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ மறுபடி மவுஸைப் பிடித்திருக்கிறாய். முதல் வாசலில் நின்ற பன்னிரண்டு காவலர்களையும் இரண்டாவது வாசலுக்கு வரவழைத்திருக்கிறாய். சுடுவதற்கு அல்ல. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு என்று ஒதுக்கி, நடுவில் எனக்கு வழி விட்டிருக்கிறாய். வழக்கம்போல் வந்து அடி என்று கூப்பிட்டிருக்கிறாய். என் படை வெளியே மரம்போல் நிற்கிறது. நான்கு நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

சாவு வீட்டில் உன்னை நல்லவர், வல்லவர் என்றவர்களைப் பார்த்து எரிச்சல்பட்டேன். உன்னைப் புகழ்வதை முதலில் ஆரம்பித்துவைத்தவன் நான்தான். உன்மேல் இருந்ததைவிட அதிக இளக்காரம் இப்போது என்மேல்தான். கோட்டையா, முந்தானையா என்ற அந்தக் கேள்வி இன்னும் என் வாயிலேயே கிடக்கிறது. பதினோரு வருடம் ஞாயிறுதோறும் கேட்டவன், உனக்கு அது வேண்டியிருந்த ஒரே ஒரு ஞாயிறு கேட்கவில்லை.