தொண்டையில் இரண்டு குரல்

என் உயிரானவருக்கு,

உறைந்து கிடந்த யெனிசெய் ஆற்றில் பனி உடைந்த அன்று நனைந்துபோய்த் தனியாக வந்த உங்கள் குதிரை, இப்போதுதான் புல்லில் வாய் வைக்கிறது.

பெண் தொண்டைப் பாட்டுப் பாடினால் புருஷனுக்கு ஆகாது என்பார்களே! நான் லேசாக முனகினாலே அத்தை, "அடியே, என் பிள்ளையக் கொல்லப் பாக்குறியா?" என்று பாய்வார். நீங்கள் சிரிப்பீர்கள்.

நேற்று ஓர் ஆடு தன் குட்டியை உதைத்துத் தள்ளியது. அந்தத் தாயாட்டைத் தடவிக்கொடுத்தபடி, என்னை மறந்து பாடிவிட்டேன். அடித்தொண்டையில் ஒரு குரல் உறும, அதன்மேல் இன்னொன்று சீட்டியாக எழுந்தது. இரண்டும் நான்தானா? ஆடு குட்டியை நக்கத் தொடங்கியது.

திரும்பினால் அத்தை. சட்டென்று நிறுத்தினேன்.

"பாடும்மா. இனிமே யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றார்.

அவர் சொல்லட்டும். நான் பாடமாட்டேன். உங்களுக்கு ஆகாது.

உங்களவள்