அறிவு பதினெட்டு

மார்ச் 5, வியாழன்

வேலையில் மின் பேனல் சோதனை; மூன்று ரிலே சுவிட்ச் போச்சு. மாற்றியாயிற்று. வீட்டுக்கு வந்தால் அண்ணன் கேட்கிறான்: "சனிக்கிழமை நானும் ஆடட்டுமா?"

மூளைக்காய்ச்சல் வந்து அவன் யோசனை மங்கிப்போன இந்தப் பதினோரு மாதத்தில் அவனாக ஒன்று கேட்பது இதுதான் முதல் தடவை. முன்பு எங்கள் சனிக்கிழமைக் கதை விளையாட்டை நடத்தியதே அவன்தான். நண்பர்கள் நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டுவோம். இப்போது நடத்துவது நான்.

"எந்தப் பாத்திரம்?"

"மந்திரவாதி. அறிவு பதினெட்டு."

ஒரு பாத்திரத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் அதுதான் உச்சம். பலசாலியை எடு என்று சொல்ல வாயெடுத்தேன். பாத்திரத் தாளில் பதினெட்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 7, சனி

ஒரே ஒரு பூட்டுப் புதிர். நாற்பது நிமிடம். அண்ணன் புதிர்த் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் விதியை விடவில்லை: புதிரை ஆடுகிறவர்தான் அவிழ்க்கணும், பகடை கிடையாது.

எங்களோடு ஆடும் பல் டாக்டர் அக்கா கடுப்பாகிவிட்டார். "நெட்டையன் ஆடுறது பயில்வான். நிஜத்துல ஒரு வாளித் தண்ணி தூக்க மாட்டான், அவனுக்குப் பகடை போதும். இவருக்கு மட்டும் சொந்த மூளை வேணுமா?"

"என்னை ஏங்க இழுக்கறீங்க? நேத்துதான் கேஸ் சிலிண்டர் தூக்கினேன்."

"மாடி வரைக்குமா?"

"வாசல் வரைக்கும்."

அக்கா சொன்னதில் தப்பில்லை. ஆனால் யோசிப்பதையும் பகடைக்கு விட்டால் அப்புறம் ஆட என்ன இருக்கிறது?

மார்ச் 13, வெள்ளி

வழி கிடைத்தது. விடைகளை முன்கூட்டியே சீட்டில் எழுதி அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

மார்ச் 14, சனி

மூன்று புதிர், மூன்றும் காலி. நெட்டையன் மேசையைத் தட்டினான். "பழைய ஆளு வந்துட்டாருய்யா." அண்ணன் சிரித்தான். படுக்கப் போகும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது.

மார்ச் 21, சனி

சொதப்பல். நான்தான்.

சீட்டில் இப்படி எழுதியிருந்தேன்: 'கொஞ்ச நேரம் யோசிப்பது போல் இரு. பிறகு, ஆற்றைத் திருப்பிவிடலாம் என்று சொல்.' அண்ணன் எழுந்து நின்று, மந்திரவாதியின் குரலில், முழுவதையும் வாசித்தான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருக்கலாம். அவன் சீட்டை இன்னொரு முறை மனதுக்குள் படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "பாத்ரூம் போயிட்டு வரேன்" என்றவன் திரும்பி வரவில்லை.

எவன்டா உன்னை அப்படி எழுதச் சொன்னது? மெஷினுக்கு எழுதற மாதிரி, வரி வரியா —

மார்ச் 22, ஞாயிறு

அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிட்டான்.

மார்ச் 26, வியாழன்

சமையலறையில் மடக்கிப் பிடித்தேன். "இனிமே சீட்டு கிடையாது. நீ பகடை உருட்டு. பதினெட்டுக்குப் பெரும்பாலும் ஜெயிச்சிடும். நான் விடையைச் சொல்லிடறேன்."

தக்காளி நறுக்கிக்கொண்டே கேட்டான்: "அப்ப கண்டுபிடிச்சது யாரு?"

"மந்திரவாதி."

"நான்?"

அவன் அடுத்த தக்காளியை எடுத்தான்.

மார்ச் 28, சனி

அண்ணன் மேசைக்கு வரவில்லை. அறைக்கதவு திறந்துதான் இருந்தது.

"மந்திரவாதியை என்ன பண்றது?" அக்கா தணிந்த குரலில் கேட்டார்.

"வேற ஊருக்குப் போயிட்டார்னு வச்சுக்குவோம்."

உள்ளேயிருந்து அண்ணன் குரல்: "செத்துட்டான்னு சொல்லு. இல்லேன்னா இவங்க தேடிக்கிட்டே இருப்பாங்க."

இறந்த பாத்திரத்தின் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடுவது இந்த மேசையின் வழக்கம். அண்ணன் வெளியே வந்து, முதல் ஆளாகப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினான்.