கைதட்டிய தெரு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? ஒரு நல்ல செய்தி. நான் வேலை பார்க்கும் கட்சியின் தலைவர் ஞாயிற்றுக்கிழமை நம் தெருவுக்கே ஓட்டுக் கேட்டு வருகிறார். பிழைக்க வந்த நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த ஊர்க்காரரான அவர் மொழி பேரம் பேசுகிற அளவுக்குத்தானே தெரியும்? அதனால் அவர் பேசப் பேச நம் மொழியில் சொல்லப்போவது உங்கள் தங்கைதான்! இனி நீங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடக்கலாம். உங்கள் மோட்டார் கடைக்கு எதிரேதான் மேடை. கூட்டம் சேராமல் என் மானத்தை வாங்கிவிடாதீர்கள். அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள்.

அன்புத் தங்கை

பிப்ரவரி 16

என் செல்லத் தங்கைக்கு,

ஒலிபெருக்கியில் உன் குரலைக் கேட்டு அம்மா அழுதுவிட்டாள். நானும் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலையைப் போட்டுவிட்டுத் தெருவையே திரட்டி வந்திருந்தேன். "தெருவைச் சுத்தமாக்குவேன், கடைகளைப் புதிதாகக் கட்டித் தருவேன்" என்றாயே, கை வலிக்கத் தட்டினோம்.

இன்று முடிவெட்டும் கடைக்காரர் வந்தார். தலைவரின் மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "தலைவர் எங்க அப்படிச் சொன்னாரு? இங்க ஒட்டிக்கிட்டு இருக்கிற அழுக்கை வழிச்சு எறிஞ்சுட்டு, கடையெல்லாம் அவங்க ஆளுங்க பிள்ளைங்களுக்குக் கொடுப்பேன்னுல்ல சொன்னாரு" என்கிறார். என் தங்கையைப் பற்றி என்னிடமே பேசாதே என்று அனுப்பிவிட்டேன். அவர் சொன்னது பொய்தானே? ஒரு வரி எழுது.

அண்ணன்

பிப்ரவரி 20

அண்ணா,

பொய்யில்லை. உள்ளபடி சொல்லியிருந்தால் நம் பையன்கள் கல்லை எடுத்திருப்பார்கள், போலீஸ் தடியை எடுத்திருக்கும். முன்வரிசையில் அம்மா. நான் வேறென்ன செய்ய? அதெல்லாம் ஓட்டுக்காகப் பேசுகிற பேச்சு. நேரில் அவர் எவ்வளவு தன்மையானவர் தெரியுமா? நான் உள்ளே இருக்கும்வரை நம் தெருவில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க விடமாட்டேன். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், என் வேலை போய்விடும்.

தங்கை

மே 3

தங்கைக்கு,

உன் தலைவர் ஜெயித்துவிட்டார். திங்கட்கிழமை புல்டோசர் வந்து நம் தெருவையே இடித்துவிட்டது. இடிக்குமுன், அடுத்தவர்கள் பழுதுபார்க்கக் கொடுத்த மோட்டார்களையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். இடிக்க வந்த அதிகாரி தன் போனில் அன்றைய கூட்டத்தின் வீடியோவைக் காட்டினார். அதில் தலைவர் நம்மை அழுக்கு என்கிறார். நாம் எழுந்து நின்று தட்டுகிறோம். அம்மா தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டுகிறாள். உன் குரலை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். "நீங்களே கைதட்டி வரவேற்றதுதானே?" என்றார். நாடே இதைப் பார்த்துச் சிரிக்கிறதாம்.

நீ உள்ளபடி சொல்லியிருந்தால் அடி வாங்கியிருப்போம். வாங்கிவிட்டுப் போகிறோம். கைதட்டியிருக்க மாட்டோமே.

அண்ணன்

மே 8

அண்ணா,

தலைவர் வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்றேன். மொழிபெயர்க்க இப்போது ஆள் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அம்மாவைப் பார்க்க வரட்டுமா?

தங்கை

மே 14

தங்கைக்கு,

அம்மாவிடம் கேட்டேன். அவள் சொன்னதைக் கொஞ்சம் பதமாக்கி எழுதலாம் என்று பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனம் கேட்கவில்லை. அவள் சொன்னது இதுதான்:

"அவ குரலைக் கேட்டாலே என் கை கூசுது. வர வேண்டாம்னு எழுது."

அண்ணன்